தோல் பழகும், எலும்பு பழகாது

மதுரையில் பேஸ் கிட்டார் வாசிக்கிற பையன் ஒருவன் தன் குழுவின் மூத்தவரிடம் போய், "அண்ணே, வேற பேஸ் வாங்கலாம்னு இருக்கேன். இதோட நெக்கு கைக்கு அடங்க மாட்டேங்குது" என்று சொன்னால் என்ன பதில் வரும் என்பது எனக்கு மனப்பாடம். "வாங்குறதுதான் வாங்குற, பெரிய கம்பெனியா வாங்குடா. அஞ்சு கம்பியா வாங்கு. நெக்கெல்லாம் ஒரு பிரச்சினையா? ரெண்டு மாசம் வாசி, கை பழகிடும்."

இந்தப் பதிலை நான் பத்து வருஷம் கேட்டேன். அடுத்த பத்து வருஷம் எனக்குப் பின்னால் வந்தவர்களுக்குச் சொன்னேன். இப்போது அதை மறுத்து எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஆகவே இதில் விழுகிற அடியில் பாதி என் முதுகுக்கும் உரியது.

சொல்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. பங்குனி பிறந்தால் மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி என்று ஊர் ஊராகத் திருவிழா மேடை ஏறுகிற ஆர்கெஸ்ட்ரா அண்ணன்கள்; ஞாயிறு தவறாமல் தேவாலயப் பாடகர் குழுவில் வாசித்தே வளர்ந்த மாஸ்டர்கள். அவர்கள் தொடங்கிய காலத்தில் ஒரு குழுவுக்கு ஒரு பேஸ் இருந்தாலே பெரிய காரியம். யாரோ விற்றதை யாரோ வாங்கி, மூன்றாவது கைக்கு வரும்போது அதன் நெக் வில்லாக வளைந்திருக்கும். அதில்தான் வாசித்தாக வேண்டும், வாசித்தார்கள். அந்தப் பொறுமைக்குக் கையெடுத்துக் கும்பிடலாம். ஆனால் வேறு வழியில்லாமல் பொறுத்துக்கொண்டதை அடுத்த தலைமுறைக்கு விதியாக எழுதிவைத்ததுதான் தப்பு.

என் கட்சி இதுதான். கற்றுக்கொள்ள வாங்கிய முதல் பேஸை விட்டு அடுத்ததற்குப் போகிறவர், கையிலிருக்கிற காசை முதலில் நெக்குக்காகச் செலவழிக்க வேண்டும். கம்பெனிப் பெயர், கம்பிகளின் எண்ணிக்கை, பிக்கப், பளபளப்பு எல்லாம் அதற்குப் பிறகு.

எதிர்த்தரப்பின் நியாயத்தை முதலிலேயே கொடுத்துவிடுகிறேன். கை பழகும், மறுக்கவில்லை. தடித்த கம்பியை அழுத்தி அழுத்தி விரல் நுனி காய்த்துப்போகும். சுண்டுவிரலுக்குப் பலம் வரும். எந்த ஃபிரெட்டில் எந்த விரல் என்பது பார்க்காமலே கைக்குத் தெரியும். தோல் பழகும், தசை பழகும். எலும்பு பழகாது. இருபது வயதுக்கு மேல் யாருக்காவது சாதகத்தால் விரல் அரை அங்குலம் நீண்டதாகக் காட்டட்டும், இந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். இன்று கடைகளில் தொங்குகிற பேஸ்களில் பெரும்பாலானவற்றின் ஸ்கேல், அதாவது நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை கம்பி அதிர்கிற நீளம், 34 அங்குலம்; ஏறக்குறைய 86 செ.மீ. இதில் முதல் ஃபிரெட்டுக்கும் நான்காவது ஃபிரெட்டுக்கும் நடுவே 13 செ.மீ. தூரம். ஃபிரெட்டுக்கு ஒரு விரல் என்று வைத்து வாசித்தால் சுட்டுவிரலும் சுண்டுவிரலும் அவ்வளவு விரிந்தாக வேண்டும். சாதாரண எலக்ட்ரிக் கிட்டாரில் இதே இடம் 10 செ.மீ.கூட வராது. 30 அங்குல ஸ்கேல் பேஸில் 11.4 செ.மீ. "ஒன்றரை சென்டிமீட்டர்தானே" என்பவர், ஒரே ராத்திரியில் அந்த ஒன்றரையை எத்தனை ஆயிரம் தடவை எட்டிப் பிடிக்க வேண்டியிருக்கிறது என்று எண்ணிப் பார்க்கட்டும்.

இது நீளம். இதோடு அகலமும் தடிமனும் இருக்கின்றன. நட் இருக்கும் இடத்தில் நெக்கின் அகலம் பேஸுக்குப் பேஸ் 38 மில்லிமீட்டரிலிருந்து 45 வரை மாறும். தடிமனும் முதுகுப்பக்கத்து வளைவும் அதேபோல மாறும். உள்ளங்கை சின்னதாக இருப்பவர் அகலமான, தடித்த நெக்கைப் பிடித்தால் தடித்த கம்பியை எட்டுவதற்காக மணிக்கட்டை மடக்க வேண்டிவரும். மடங்கிய மணிக்கட்டோடு விரலுக்கு அழுத்தம் கொடுக்கும்போது, மணிக்கட்டு வழியாக விரல்களுக்குப் போகிற நரம்பு நசுங்குகிறது. கச்சேரி முடிந்து வண்டியில் ஏறும்போது விரல் மரத்துப்போயிருந்தால் அதை நம் ஆட்கள் சாதகம் பண்ணியதற்கு அத்தாட்சியாக எடுத்துக்கொள்கிறார்கள். உடம்பு அனுப்பிய புகார் மனு அது.

"34 அங்குலம்தான் சரியான அளவு, மற்றதெல்லாம் பொம்மை" என்று ஒரு வாதம் உண்டு. அந்த அளவு எங்கிருந்து வந்தது? அமெரிக்காவின் ஃபுல்லர்டன் என்கிற ஊரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த லியோ ஃபெண்டர் 1951-ல் பிரசிஷன் பேஸைக் கொண்டுவந்தார். அதற்கு முன்பு பெரும்பாலும் ஆள் உயரத்துக்கு நிற்கிற டபுள் பேஸ்தான். அதன் கம்பி நீளம் 40 அங்குலத்துக்கும் மேல். அதைத் தோளில் மாட்டுகிற அளவுக்குச் சுருக்கியபோது, செய்து பார்த்துப் பார்த்து அவர் நிறுத்திய இடம் 34. ஃபெண்டருக்குக் கிட்டார் வாசிக்கவே தெரியாது; வாசிப்பவர்களின் கையில் கொடுத்து அவர்கள் சொல்வதைக் கேட்டுத்தான் திருத்துவார். அவரே 1960-ல் ஜாஸ் பேஸை வெளியிட்டபோது நட்டின் அகலத்தை ஒன்றரை அங்குலத்துக்கு, அதாவது 38 மில்லிமீட்டருக்கு, இறக்கிவிட்டார். ஆரம்ப கால பிரசிஷனில் அது ஒன்றேமுக்கால் அங்குலம். ஒல்லியான நெக் கேட்கிற கைகளும் உண்டு என்பதை, பேஸ் கிட்டாரைப் பரப்பிய மனிதரே ஒன்பது வருஷத்தில் ஒப்புக்கொண்டாயிற்று. நம் அண்ணன்கள்தான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

"விலை கம்மியான பேஸில் எவன் பெரிய ஆளானான்?" என்று அடுத்த அம்பு வரும். பால் மெக்கார்ட்னி ஆனார். 1961-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் இரவு விடுதிகளில் வாசித்துக்கொண்டிருந்த பையன் அவர். ஃபெண்டரின் விலை சுமார் 100 பவுண்டு, கட்டுப்படியாகவில்லை. சுமார் 30 பவுண்டுக்குக் கிடைத்த ஹோஃப்னர் வாங்கினார். வயலின் வடிவம், உள்ளே பொந்து, தூக்கினால் எடையே தெரியாது, 30 அங்குலத்தை ஒட்டிய குட்டை ஸ்கேல். பீட்டில்ஸின் தொடக்க காலப் பாட்டுகளெல்லாம் அதில் வாசித்தவை. 1972-ல் திருட்டுப்போய், ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆன பிறகு, 2024-ல் அது திரும்பக் கிடைத்துவிட்டது என்ற செய்தி உலகப் பத்திரிகைகளில் எல்லாம் வந்தது. பிறகு அவர் பெரிய ஸ்கேல் ரிக்கன்பேக்கரும் வாசித்தார் என்பது உண்மைதான். ஆனால் ஹோஃப்னரைக் கைவிடவில்லை. கோடீஸ்வரரான பிறகும் மேடைக்கு அதே வகை ஹோஃப்னரைத்தான் கொண்டுவருகிறார். ரோலிங் ஸ்டோன்ஸின் பில் வைமனுக்குக் கை சின்னது. அவரும் குட்டை ஸ்கேல்காரர். ஸ்டான்லி கிளார்க்கின் அலெம்பிக் பேஸும் குட்டைதான். இவர்களெல்லாம் பொம்மையா வாசித்தார்கள்?

என் எதிர்க்கட்சிக்காரர்கள் கையில் ஒரு துருப்புச்சீட்டு இருக்கிறது, ஜேம்ஸ் ஜேமர்சன். மோட்டவுன் இசை நிறுவனத்தின் பாட்டுகளுக்கு வாசித்த மகா மேதை. கம்பி நெக்கிலிருந்து எட்டி நிற்கும், தடித்த கம்பியை மாற்றவே மாட்டார், வலது கையில் ஒரே விரல். "அவர் வாசிக்கலையா?" என்பார்கள். வாசித்தார். ஆனால் அவர் டபுள் பேஸிலிருந்து வந்தவர். அந்த முரட்டு வாத்தியத்தில் உருவான கைக்கு பிரசிஷனின் அகலமான நெக் சுகமாக இருந்திருக்கும். ஜேமர்சன் தன் கைக்குப் பொருந்தியதை வைத்துக்கொண்டார், மெக்கார்ட்னி தன் கைக்குப் பொருந்தியதை வைத்துக்கொண்டார். இரண்டு சாட்சிகளும் என் பக்கம்தான் சாட்சி சொல்கின்றன.

அமெரிக்காவும் ஜெர்மனியும் எதற்கு? மதுரையிலிருந்து ராமேஸ்வரம் போகிற வழியில், ஐம்பது கிலோமீட்டருக்குள் மானாமதுரை இருக்கிறது. அங்கே செய்கிற கடம் மற்ற ஊர்க் கடத்தைவிடக் கனமானது, விரலுக்குக் கொஞ்சம் கடினமானதும்கூட. அந்த நாதத்துக்காகவே அதைத் தேடி வருகிறவர்கள் உண்டு. அவர்களில் ஒருவராவது தட்டிப் பார்க்காமல் ஒரு பானையைத் தூக்கிக்கொண்டு போவாரா? ஒன்றை எடுப்பார், தட்டுவார், வைப்பார். அடுத்ததை எடுப்பார். சுருதி சேர வேண்டும், கைக்கும் சேர வேண்டும். வீணைக்காரரைப் பாருங்கள். 24 மெட்டுகளும் மெழுகில்தான் நிற்கின்றன. ஒலி பிசகினாலும் விரலுக்கு இடறினாலும் மெழுகை எடுத்து மெட்டுகளை மறுபடி பதிக்க, அதாவது மேளம் கட்ட, சொல்வார்கள். வாத்தியத்தை மனிதனுக்கு இணக்குவதுதான் நம் மரபு. செருப்புக்குத் தகுந்தபடி காலை வெட்டுகிற வேலை பேஸ் கிட்டார் விஷயத்தில் மட்டும் எப்படி உள்ளே வந்தது?

மதுரைக்காரனுக்கு இதில் கூடுதல் காரணம் ஒன்று உண்டு. நாம் வாசிக்கிற பாட்டு அப்படி. ராக் குழுக்களில் பல பாட்டுகளுக்கு ஒரே ஃபிரெட்டில் நின்று மூல சுரத்தை எட்டு எட்டாகத் தட்டினால் வேலை முடிந்தது. இங்கே அது நடக்காது. அன்று மதுரை மாவட்டத்தில் இருந்து இன்று தேனி மாவட்டத்துக்குப் போய்விட்ட பண்ணைப்புரத்துக்காரர் ஒருவர் 1976-ல் 'அன்னக்கிளி'க்கு இசையமைத்ததிலிருந்து தமிழ்ப் பாட்டில் பேஸின் வேலையே மாறிப்போனது. இளையராஜாவின் பாட்டில் பேஸ் தாளத்துக்குத் துணை போவதோடு நிற்காது. பாடகர் மேலே ஒரு மெட்டில் போனால் கீழே அது தனியாக இன்னொரு மெட்டில் போகும். சரணத்தில் ஒரு வழி, இடையிசையில் வேறு வழி. அவருடைய இசைக்குழுவில் சசிதரன் வாசித்ததைக் காதால் கேட்டுக் கேட்டுத்தான் இந்தப் பக்கத்து பேஸ்காரர்கள் பாடம் படித்தார்கள். மேடையில் அந்த வரியைச் சுருக்கி வாசித்தால் கூட்டத்தின் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வரும்: "தம்பி, பேஸ் சரியில்லப்பா." மதுரைக் கூட்டம் அதையெல்லாம் கேட்கும். இப்படிப்பட்ட இருபத்தைந்து பாட்டு ஒரு ராத்திரிக்கு. இடது கை ஓயாமல் ஏறி இறங்குகிற சங்கீதம் இது. இதற்கு நெக் முக்கியமில்லை என்றால் வேறு எதற்கு முக்கியம்?

இனி அந்த ஐந்தாவது கம்பி. நாலு கம்பி பேஸின் தாழ்ந்த சுரம் நொடிக்கு 41 அதிர்வு. ஐந்தாவது கம்பி அதை 31-க்கு இறக்குகிறது. தாழ்ந்த ஸ்ருதியில் வரும் இன்றைய சினிமாப் பாட்டுக்கும் தேவாலயப் பாட்டுக்கும் அது உதவும், ஒத்துக்கொள்கிறேன். ஸ்டுடியோவில் வாசிப்பவருக்குத் தேவைதான். ஆனால் கிராமத்துத் திருவிழாவில் மைக் செட்காரர் கொண்டுவந்து நிறுத்துகிற பெட்டிகளில் எத்தனை அந்த 31-ஐ உருப்படியாக வெளியே தள்ளும்? பெரும்பாலான இடத்தில் கம்பி அதிரும், காதுக்கு ஒரு உருட்டல்தான் வரும். அதற்கு நாம் கொடுக்கிற விலை, 45 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் அகலமான நெக், கூடுதல் எடை, நாலு கம்பியே பிடிபடாத கையில் ஐந்தாவதை அடக்கிவைக்கிற அவஸ்தை. தாழ்ந்த சுரம் எப்போதாவது வேண்டுமென்றால் நாலாவது கம்பியின் சாவியைத் தளர்த்தி இரண்டு அரைச்சுரம் இறக்கிக்கொள்ளலாம். பல பேர் அப்படித்தான் சமாளிக்கிறார்கள்.

'கை பழகிடும்' என்கிற வாதத்தின் உண்மையான முகம் எனக்குத் தெரிந்தது இன்னொரு இடத்தில். பேஸ் கற்றுக்கொள்ள ஒரு பெண்பிள்ளை வந்தால் அதே அண்ணன்கள் என்ன சொல்கிறார்கள்? "உனக்குக் கை பத்தாதும்மா, கீபோர்டு படி." பையனுக்கு எந்தக் கையும் பழகிவிடுமாம், பெண்ணுக்கு எந்தக் கையும் பத்தாதாம்! இரண்டில் ஒன்றுதானே சரியாக இருக்க முடியும்? இரண்டுமே சரியில்லை. அமெரிக்காவில் கேரல் கே ஆயிரக்கணக்கான ஒலிப்பதிவுகளில் பேஸ் வாசித்தார். மும்பையின் மோகினி டே பதின்வயதிலேயே ஜாகிர் உசேன், ஏ.ஆர். ரஹ்மான் போன்றவர்களோடு மேடை ஏறியவர். கையின் அளவு ஆண் பெண் என்று பிரிந்து கிடக்கவில்லை; ஆளுக்கு ஆள் வேறு. அந்தப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டியது "கீபோர்டு படி" என்பதல்ல, "38 மில்லிமீட்டர் நெக் இருக்கிறதா பார்" என்பதுதான்.

கம்பெனிப் பெயருக்கு வருவோம். ஐபனேஸ் என்ற ஒரே கம்பெனியின் விலை குறைந்த ஜிஎஸ்ஆர் வரிசையில் நட்டின் அகலம் 41 மில்லிமீட்டர். அதற்கு ஒரு படி மேலே இருக்கிற எஸ்ஆர் 300 வரிசையில் 38; முதல் ஃபிரெட்டில் தடிமன் 19.5 மில்லிமீட்டர்தான். சுவரில் தொங்கும்போது இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், கையில் பிடித்தால் இரண்டும் வேறு குடும்பம். "ஐபனேஸ் வாங்கு" என்ற யோசனையால் இப்போது என்ன பயன்? எந்த நெக் என்று சொல்லாத யோசனை அரைகுறை யோசனை. மரத்தைப் பற்றிய பெருமையும் அப்படித்தான். "ஃபிங்கர்போர்டு ரோஸ்வுட்டா?" என்று கடையில் அதட்டிக் கேட்கிறார்கள். உலகம் தேடுகிற இந்திய ரோஸ்வுட் நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரம். 2017-ல் அதன் சர்வதேச வணிகத்துக்குக் கட்டுப்பாடு வந்த பிறகு ஸ்குவயர் மாதிரியான மலிவு வரிசைகளில் இந்தியன் லாரல் போட ஆரம்பித்தார்கள். அது நம் கருமருது. ஈட்டியா மருதா என்று கண்ணைக் கட்டிவிட்டால் எந்த விரலும் சொல்லாது. நெக் ஒல்லியா தடியா என்பதைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடும்.

என் வாதத்தின் ஆணிவேர் இங்கே இருக்கிறது. பேஸில் எதையெல்லாம் பிறகு மாற்றலாம்? பிக்கப் பிடிக்கவில்லையா, மாற்றலாம். உள்ளே இருக்கிற வயர், குமிழ், சாவி, பிரிட்ஜ், கம்பி எல்லாமே ஒவ்வொன்றாக, காசு சேரச் சேர மாற்றிக்கொள்ளலாம். நெக்கையும் நாலு திருகாணியைக் கழற்றி மாற்றலாம்தான். ஆனால் நல்ல தனி நெக் ஒன்றின் விலைக்கு ஒரு முழு பேஸே வாங்கிவிடலாம். பொருந்துகிற நெக் இந்தப் பக்கத்தில் கிடைப்பதும் அரிது. மாற்ற முடியாததற்கு முதலில் காசு போடு, மாற்ற முடிந்ததைப் பிறகு பார்த்துக்கொள் என்பது சாதாரணக் குடும்பக் கணக்கு. வீடு கட்டுகிறவர் அஸ்திவாரத்தில் மிச்சம் பிடித்துவிட்டு வாசலுக்கு கிரானைட் போடுவதில்லை. நெக்கை விட்டுவிட்டு பெயரைப் பார்த்து வாங்குவது, மாடு பிடிக்கப் போய்க் கழுத்து மணியை விலை பேசி வந்த கதை.

இவ்வளவு சொன்ன பிறகு இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். நெக் சரியில்லை என்று என்னிடம் வருகிற பேஸ்களில் நிறையவற்றுக்குப் புது பேஸ் தேவைப்படுவதில்லை, ஒரு செட்டப் போதும். நாலு கம்பிகள் சேர்ந்து நெக்கை ஏறக்குறைய எழுபது கிலோ விசையில் இழுத்துக்கொண்டே இருக்கின்றன. அதற்கு எதிராக உள்ளே டிரஸ் ராட் என்ற இரும்புக் கம்பி நிற்கிறது. சித்திரை வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது மரம் காயும், ஐப்பசி மழையில் ஈரம் குடித்து ஊதும். மரம் அசைந்தால் நெக்கின் வளைவும் அசையும். கம்பி மேலே எழும்பிவிடும், அழுத்த இரட்டிப்பு பலம் வேண்டியிருக்கும். தடித்த கம்பியை முதல் ஃபிரெட்டிலும் கடைசி ஃபிரெட்டிலும் அழுத்திப் பிடித்து ஏழாவது, எட்டாவது ஃபிரெட் அருகே பாருங்கள். கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டு நுழைகிற இடைவெளி இருந்தால் போதும். தீப்பெட்டியே நுழைந்தால் டிரஸ் ராடைத் திருக வேண்டும். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம், பழக்கமில்லாதவர் தொடவே வேண்டாம். முதல் ஃபிரெட்டை அழுத்துவது ஐந்தாவதை அழுத்துவதைவிட ரொம்பக் கடினமாக இருந்தால் நட்டின் பள்ளம் ஆழம் போதவில்லை என்று அர்த்தம். நெக்கின் முதுகில் பூசிய பளபளப்பு வேர்வையில் ஒட்டிக்கொண்டு கையை நகரவிடாமல் செய்தால், நைஸான உப்புத்தாளால் இலேசாகத் தேய்த்து மங்கலாக்கிவிடலாம். 45-105 தடிமன் கம்பியை 40-100-க்கு மாற்றினாலே முறைப்பு கொஞ்சம் அடங்கும். இவ்வளவுக்கும் ஆகிற செலவு புது பேஸின் விலையில் சின்னப் பங்கு. செய்து பார்த்த பிறகும் கை அடங்கவில்லை என்றால் பிரச்சினை அளவில் இருக்கிறது. அப்போது புதிது வாங்குங்கள்.

வாங்கப் போகும்போது கையோடு போங்கள். படத்தைப் பார்த்து வரவழைக்காதீர்கள். மதுரைக் கடையில் கேட்டது இல்லையென்றால் காலை வைகை எக்ஸ்பிரஸில் ஏறினால் பிற்பகல் சென்னை எழும்பூர். 1842-ல் தொடங்கி இன்றும் அண்ணா சாலையில் நிற்கிற மியூசி மியூசிக்கல் உட்பட நாலு கடை ஏறி இறங்கலாம். ரயில் டிக்கெட் காசு, தப்பான நெக்கோடு மூன்று வருஷம் வாழ்வதைவிட மலிவு. உட்கார்ந்து பார்க்காதீர்கள், நாம் வாசிப்பது நின்றுகொண்டு. பட்டையை மாட்டி நின்று, வலது கையையும் இடது கையையும் விடுங்கள். தலைப்பக்கம் கீழே சாய்ந்தால், கச்சேரி முழுக்க அந்த எடையை உங்கள் இடது கைதான் தாங்கப்போகிறது. அகலமான தோல்பட்டை போட்டும் சாய்ந்தால் அந்த பேஸைத் திரும்பச் சுவரில் மாட்டிவிட்டு வந்துவிடுங்கள். முதல் நாலு ஃபிரெட்டுக்குள் ஒரு ஆரோகணம் அவரோகணம் பத்து நிமிஷம் விடாமல் வாசியுங்கள். மணிக்கட்டு மடங்குகிறதா, கட்டைவிரல் நெக்கை நெரிக்கிறதா என்று கவனியுங்கள். நெக்கின் ஓரத்தில் உள்ளங்கையை மேலும் கீழும் ஓட்டுங்கள். ஃபிரெட் முனை குத்தினால் கடைக்காரரிடம் ராவித் தரச் சொல்லுங்கள். நீளம் வேறு, தடிமன் வேறு என்பதும் நினைவிருக்கட்டும். விரல் எட்டவில்லை என்றால் ஸ்கேலைக் குறைக்க வேண்டும். கை சுற்றிவரவில்லை என்றால் அகலத்தையும் தடிமனையும் குறைக்க வேண்டும். ஒன்றின் நோய்க்கு மற்றதை மருந்தாக வாங்கி ஏமாந்தவர்கள் அதிகம்.

எதை எடுத்துப் பார்ப்பது? தோராயமாக இருபதாயிரத்துக்கும் நாற்பதாயிரத்துக்கும் நடுவே தேடுகிறவருக்கு, ஒல்லி நெக் என்றால் ஐபனேஸ் எஸ்ஆர் 300 வரிசையும் ஸ்குவயர் அஃபினிட்டி ஜாஸ் பேஸும். யமஹாவின் டிஆர்பிஎக்ஸ் வரிசையையும் பார்க்கலாம். அகலமாகப் பிடிக்க ஆசைப்படும் பெரிய கைக்குப் பிரசிஷன் வகை. விரல் எட்டாதவருக்கு 30 அங்குல ஸ்குவயர் பிராங்கோவும் 28.6 அங்குல ஐபனேஸ் மைக்ரோவும் இருக்கின்றன. இவற்றில் எதையும் வாங்கச் சொல்லவில்லை, பிடித்துப் பார்க்கச் சொல்கிறேன். பழையதில் நல்ல நெக் கிடைத்தால் புதியதைவிட அதுவே மேல். பத்து வருஷம் மதுரை வெயிலையும் மழையையும் பார்த்து நேராக நிற்கிற மரம் இனிமேலும் நிற்கும்.

ஒல்லி நெக்தான் எல்லோருக்கும் நல்லது என்று நான் சொல்வதாக யாரும் திரித்துவிட வேண்டாம். அகன்ற உள்ளங்கைக்காரர் 38 மில்லிமீட்டர் நெக்கைப் பிடித்தால் விரல்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு அவருக்கும் வலிக்கும். "எல்லோருக்கும் ஒரே அளவு" என்பதைத்தான் மறுக்கிறேன். அதற்குப் பதிலாக இன்னொரு ஒரே அளவைச் சிபாரிசு செய்தால் நானும் அந்த அண்ணன்களில் ஒருவனாகிவிடுவேன்.

ஆகவே அண்ணன்மார்களே, மாஸ்டர்மார்களே, உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஒரு பையனோ பெண்ணோ வந்து நெக் கைக்கு அடங்கவில்லை என்று சொன்னால், "கை பழகிடும்" என்று தொடங்காதீர்கள். "கையை நீட்டு, பார்ப்போம்" என்று தொடங்குங்கள்.